நுனி

மூன்றாம் மாடிப் பீலிக்குள் முளைத்திருந்தது,
வெள்ளவத்தையில், கடல் பார்க்கிற ஒழுங்கையில்.
பீலி துப்புரவாக்க வந்த பையன்
பிடுங்கி எறியக் கை ஓங்கியபோது
"இஞ்ச தாரும்" என்றேன்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

கொய்யா என்றார் கீழ்வீட்டு அருளப்பு மாஸ்டர்.
பிற்காலம் பட்டை திட்டுத்திட்டாய் உரிந்தபோது
"பாத்தீரே?" என்று வழக்கு வென்றவர்போல் சிரித்தார்.
இலையைக் கசக்கி முகர்ந்தேன்.
கொய்யா மணக்கவில்லை, பச்சை மணத்தது.
ஜம்பு என்றாள் பஸ்மினா, கந்தோரில்,
கைபேசிப் படத்தை இரு விரலால் அகட்டி.
இலைகள் சோடி சோடியாய், எதிரெதிரே;
ஆனால் ஒவ்வொரு சோடியிலும்
ஒன்று மற்றதற்கு ஒரு நூல் பிந்தி.
முதிர்ந்த இலை விழுமுன் செம்பு நிறம்.
அரச கணக்காய்வில் வேலை எனக்கு.
இத்தனையும் கொப்பியில் பதிந்து
பெயர் என்ற நிரலை வெறுமையாய் விட்டேன்.

பெயரில்லாமலும் வளர்க்கலாம்.
தட்டையான மண்சட்டி ஒன்றுக்கு
மின்வேலை நிஸ்தார் துளைத்துத் தந்தான் மூன்று ஓட்டை.
அடியில் நைலோன் வலை, மேலே
செங்கல் நொறுக்கு, ஆற்றுமணல், தும்புச்சோறு.
ஆணிவேரைப் பாதியில் வெட்டிய இரவு
எனக்குச் சோறு இறங்கவில்லை.
பத்தாம் நாள்
கணுவில் ஒரு பச்சைப் புள்ளி.

பிறகு கம்பி: பழைய வயரில் உரித்த செம்பு.
உப்புக்காற்று இலைவிளிம்பைக் கருக்கும்,
அதனால் தலைக்கிளையைக் கடலுக்கு முதுகு காட்ட வளைத்தேன்.
ஒருமுறை அவிழ்க்க மறந்த கம்பி
தோலுக்குள் இறங்கித் திருகாணித் தடம் வைத்தது.
இன்னும் தடவினால் தெரியும்.

ஆறு வருசம்.
ஞாயிறுதோறும் நுனி கிள்ளினேன்.
கிள்ளக் கிள்ள இலை சிறுத்தது,
உள்ளங்கை நீளம், சுட்டுவிரல், பெருவிரல்.
முழங்கை உயரத்தில் ஒரு கிழட்டு மரம்.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
பெரிய மரங்களைப்போலவே நடுங்கியது.
பூக்கவில்லை.
பூக்கிற சாதியா என்பதே தெரியாதே.

பங்குனியில் மன்னாரில் கணக்காய்வு, பத்துக் கிழமை.
சாவியைக் காவலாளி சுமனபாலவிடம் கொடுத்தேன்:
காலையும் மாலையும் தண்ணீர்,
வேறொன்றும் செய்யவேண்டாம்.
வேறொன்றும் செய்யவில்லை அவர்.

வந்து கதவைத் திறந்தால்
ஆறு வருச வடிவம் கலைந்து
நாலாபக்கமும் ஈட்டி ஈட்டியாய்த் தளிர்.
ஒரு நுனியில் மட்டும்,
ஸ்திரிக்கை போடாத சாறிபோல் கசங்கிய ஊதா,
ஆறு இதழ், நடுவில் மஞ்சள் தூள்.
இலை எனக்கு இணங்கியிருந்தது.
பூ இணங்கவில்லை.
தெருமரத்தில் எவ்வளவோ அவ்வளவு.
சுமக்கமாட்டாத கிளை
சட்டி விளிம்பில் தாடையை ஊன்றியிருந்தது.

"மே முறுத்த நே, மிஸ்,"
சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததைச் சொல்கிற குரலில்
சுமனபால.
முறுத்த. பூமருது.
சுதந்திர சதுக்கத்துப் பக்கம் வைகாசியில்
பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டே போகிற மரம்.
கந்தோர் வாசலிலும் ஒன்று நிற்கிறது.
அதன் கீழ்தான் பதினேழு வருசம் குடை மடக்கினேன்.

அன்றிரவு தேடி வாசித்தேன்:
புதுத்தளிரின் நுனியில்தான் பூக்குமாம்.
கொப்பியை எடுத்துப் பெருக்கினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு ஞாயிறு.
இந்த ஐயவினாவை யாருக்கு அனுப்புவது?
பெயர் நிரலை நிரப்பினேன்.
கிளைக்கு ஓர் ஐஸ்கிறீம் குச்சி முட்டுக்கொடுத்தேன்.
சுமனபால தண்ணீர் வார்த்த யோகட் கோப்பை
சட்டிக்கருகில் அப்படியே கிடந்தது.

சனி இரவு சோளகம் பலத்தது.
பல்கனியிலிருந்து உள்ளே தூக்கினேன்.
ஒடுங்கிய கதவு;
மரம் வந்துவிடும், பூ வராது.
பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி,
பூவை முன்னே விட்டு நான் பின்னால் நுழைந்தேன்.
மேசையில் வைத்தேன்.
கத்தரிக்கோல் லாச்சிக்குள்.
விடிந்தால் ஞாயிறு.